கடல்சார் வேலைகளை மாவட்டந்தோறும் எண்ணிச் சொல்லுங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டக் கடலோர மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலை ஆசிரியராகவும், உயர்கல்வி மற்றும் வேலைவாய்ப்பு வழிகாட்டலுக்குப் பொறுப்பாசிரியராகவும் பணியாற்றி வருகிறேன். சென்ற ஆண்டு, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்குமாக எங்கள் பள்ளியில் நடந்த வழிகாட்டல் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த கருத்தாளர் ஒருவர், கடல்சார் துறைகளில் வேலைகள் கொட்டிக் கிடக்கின்றன என்று ஒரு மணி நேரம் திரையில் படம் காட்டி விளக்கினார். முடிவில், விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகும் தகப்பனார் ஒருவர் எழுந்து, "ஐயா, நம்ம ஊர்ப் பக்கம் வருசத்துக்கு எத்தனை பேரைப் புதுசா எடுப்பாங்க? அதுல பத்தாவது படிச்சவனுக்கு எத்தனை?" என்று கேட்டார். கருத்தாளர் என்னைப் பார்த்தார். நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன். கேள்வி கேட்டவர் சற்று நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடி ஓராண்டாக அலைந்ததில் தெரியவந்தவற்றைத் தங்கள் நாளிதழின் வழியாக அதிகாரிகளின் பார்வைக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களின் பார்வைக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

கடலைப் பற்றிய எண்களுக்குப் பஞ்சமில்லை. வ.உ. சிதம்பரனார் துறைமுகம் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளுகிறது என்பதை எங்கள் மாணவர்களே சொல்வார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வீடு வீடாகச் சென்று மீனவர் கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 573 கடல் மீன்பிடி கிராமங்கள் இருந்தன. அந்த ஊர்களில் எத்தனை பேர் கடலுக்குப் போகிறார்கள், எத்தனை பேர் வலை பின்னுகிறார்கள், எத்தனை பேர் மீன் விற்கிறார்கள் என்பது வரை அதில் உண்டு. எனினும் இவை அனைத்தும் ஏற்கெனவே தொழிலில் இருப்போரின் எண்ணிக்கையே ஆகும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது பயன்படாது. குளத்தில் நிற்கும் தண்ணீர் வேறு, வரத்துக்கால் வழியாக ஆண்டுதோறும் வந்து சேரும் தண்ணீர் வேறு. பிள்ளைக்கு வேண்டியது வரத்தின் கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஒரு வட்டாரத்தில் குறிப்பிட்ட வேலையொன்றில் 300 பேர் இருக்கிறார்கள் என்றும், ஒருவர் சராசரியாக 30 ஆண்டுகள் அவ்வேலையில் நீடிக்கிறார் என்றும் வைத்துக்கொண்டால், தொழில் வளராமலும் தேயாமலும் இருக்கும்போது ஆண்டுக்குப் பத்து இடம்தான் காலியாகும். அந்தப் பத்து இடத்துக்கு நாற்பது பேரைப் பயிற்றுவித்து அனுப்பும் நிலையம் பக்கத்திலேயே இருந்தால், 300 என்ற எண்ணைக் காட்டி நாம் செய்த வழிகாட்டல் முப்பது குடும்பங்களுக்குச் செய்த தீங்காகவே முடியும்.

வரத்தை எண்ணலாம் என்று இறங்கினால் முதல் தடை சொல்லிலேயே வந்துவிடுகிறது. எங்கள் கடலோர ஊர்களில் அடைமொழி எதுவும் இல்லாமல் "தொழில்" என்றாலே அது மீன்பிடித்தல்தான். "இன்னைக்குத் தொழில் இல்லை" என்றால் படகு கடலுக்குப் போகவில்லை என்று பொருள். அரசின் தொழில் வகைப்பாட்டிலோ கடல்சார் தொழில் என்று ஒரே தலைப்பு கிடையாது. 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் மீன்பிடிப்பும் மீன் வளர்ப்பும் ஓரிடத்தில் இருக்கின்றன. மீன் பதப்படுத்துதல் உணவு உற்பத்தியின் கீழ் இருக்கிறது. உப்பு, சுரங்கத் தொழிலோடு வருகிறது. கப்பல் கட்டுதல் போக்குவரத்துச் சாதன உற்பத்தியிலும், கப்பலில் செல்லுதல் நீர்வழிப் போக்குவரத்திலும், சரக்கு ஏற்றி இறக்குதல் கிடங்குத் தொழிலோடும் வைக்கப்பட்டுள்ளன. துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர் சாலைப் போக்குவரத்துக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். இறால் ஏற்றுமதிக்கான குளிர்ப்பெட்டகத்தை, அதாவது குளிரூட்டிய கன்டெய்னரை, பழுது பார்க்கும் மெக்கானிக்கோ எந்தக் கணக்கிலும் கடலோடு ஒட்டாமல் போய்விடுகிறார். துறைமுகம் இல்லையென்றால் இவ்விருவருக்கும் தூத்துக்குடியில் பிழைப்பில்லை என்பது ஊரறிந்தது. ஆகவே, மாநிலத் தலைநகரில் இருந்துகொண்டு தலைப்புகளைக் கூட்டிக் கழிப்பதால் இக்கணக்கு வராது. எந்த வேலை கடலால் நிற்கிறது என்பதை அந்தந்த வட்டாரத்தில் உள்ளவர்கள் உட்கார்ந்துதான் பிரித்துக் காட்ட வேண்டும். தேசிய அளவிலான தொழிலாளர் மாதிரிக் கணக்கெடுப்பும் இதற்கு உதவாது; ஒரு மாவட்டத்தின் ஒரு தொழிலுக்குள் இறங்கிப் பேசுமளவுக்கு அதன் மாதிரி பெரிதன்று.

எனவே, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் நாங்களே கேட்டறியத் தொடங்கினோம். ஐஸ் பிளான்ட், மீன் கம்பெனி, படகுப் பட்டறை, கப்பல் முகவர் அலுவலகம், சுங்க முகவர் அலுவலகம், பெட்டகக் கிடங்கு, பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றுமிடம் என்று ஏறி இறங்கினோம். முதல் இரண்டு வாரங்களில் எங்கள் கேள்வி, "உங்களுக்கு ஆள் தேவைப்படுகிறதா?" என்பதாக இருந்தது. பெரும்பாலோரும், "ஆளே கிடைக்கிறதில்லை சார், எத்தனை பேர் வந்தாலும் எடுத்துக்கிடுவோம்" என்றார்கள். மாணவர்கள் மகிழ்ந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் ஒரு மாணவி, தானாகவே கேள்வியை மாற்றி, "போன பன்னிரண்டு மாசத்துல புதுசா எத்தனை பேரைச் சேர்த்தீங்க? அவங்க என்ன படிச்சிருந்தாங்க? இப்ப எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டாள். முன்பு எத்தனை பேர் வந்தாலும் எடுப்பேன் என்ற அதே ஐஸ் பிளான்ட் உரிமையாளர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, இரண்டு பேர் என்றார். அவர்களில் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டதோ, இரவு இரண்டு மணிக்கு கம்ப்ரசர் நின்றுபோனால் அமோனியாக் குழாயின் வால்வை எந்த வரிசையில் மூட வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள். அந்த வேலைக்குக் குளிர்சாதன மெக்கானிக் பிரிவில் ஐ.டி.ஐ. படிப்பே போதுமானது, ஆனால் எங்கள் வழிகாட்டிக் கையேட்டில் கடல்சார் வேலைகள் என்ற பக்கத்தில் கப்பல் கேப்டன் உண்டு, கடல் உயிரியல் அறிஞர் உண்டு, ஐஸ் பிளான்ட் இயக்குபவர் இல்லை.

கேள்வியின் வடிவம் விடையை இந்த அளவுக்கு மாற்றும் என்பதை அன்றுதான் நானும் கற்றுக்கொண்டேன். முதலாளியின் விருப்பத்தை எண்ணாமல், அவர் செய்துமுடித்த நியமனத்தை எண்ண வேண்டும். வேலை காலியாக இருப்பதற்கும் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்காமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடும் அப்போதுதான் புலப்படும்.

அடுத்ததாக, அறிவிப்புகளை எண்ணுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2005 ஜூலை 2 அன்று சேதுசமுத்திரத் திட்டம் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டபோது நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கப்பல்கள் இனி நம் வாசல் வழியாகப் போகும், இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை தேடி அலைய வேண்டியிருக்காது என்று வகுப்பில் நானே பேசியிருக்கிறேன். அகழ்வுப் பணி பாதியில் நின்றுபோனது. அன்று என் பேச்சைக் கேட்டவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. தேசியக் கடல் காற்றாலைக் கொள்கை வெளியானது 2015இல். தமிழ்நாட்டுக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் அமைப்பதற்கான நிதியுதவித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2024 ஜூனில். இன்றுவரை நம் கடலில் ஒரு காற்றாலையும் சுழலவில்லை. தூத்துக்குடி வெளித்துறைமுகத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டிருக்கிறது. இவை வேண்டாம் என்பதோ வராது என்பதோ என் கருத்தன்று. அறிவிப்பு, அடிக்கல், கட்டுமானம், இயக்கம் என்ற நான்கு நிலைகளில் ஒவ்வொன்றிலும் தேவைப்படும் ஆட்களும் அவர்களுடைய எண்ணிக்கையும் வேறு வேறு. கட்டுமானத்தின்போது வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோரை நிரந்தர வேலைவாய்ப்பாகக் கூட்டிக் காட்டுவதும், அடிக்கல்லிலேயே இயக்க நிலை வேலைகளைச் சேர்த்துக்கொள்வதும் வழிகாட்டலில் இடம்பெறக் கூடாது. இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை எப்போது படித்து முடிப்பான், அப்போது அந்தத் திட்டம் எந்த நிலையில் இருக்கும் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத எந்த மதிப்பீடும் விளம்பரமே.

சரக்கு பெருகினால் வேலையும் அதே அளவு பெருகும் என்ற நம்பிக்கையும் இங்கே வேரூன்றியிருக்கிறது. மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்து, வலைத்தொட்டிலில் அடுக்கிக் கப்பலுக்கு ஏற்றிய காலத்தில் அது உண்மைதான். 1999இல் தூத்துக்குடியில் பெட்டக முனையம் வந்த பிறகு, ஒரு கேங் ஆட்கள் ஒரு ஷிப்ட் முழுவதும் ஏற்றிய சரக்கைக் கிரேன் இயக்குபவர் ஒருவர் சில மணி நேரத்தில் ஏற்றிவிடுகிறார். டன் கணக்கு ஏறுமுகமாக இருக்கும்போதே சில வேலைகள் இறங்குமுகமாக இருக்கலாம். ஆவணம் தயாரித்தல், கணினியில் பெட்டக இருப்பைக் கண்காணித்தல், ஏற்றுமதி ஆய்வகப் பரிசோதனை போன்றவை ஏறவும் செய்யலாம். இதில் பெண் பிள்ளைகளுக்கான செய்தியொன்று இருக்கிறது. மீன் கம்பெனியில் இறால் உரிப்பது, உப்பளத்தில் உப்பு வாருவது, மண்டபம் பக்கம் பாசி எடுப்பது என்றே கடலோரப் பெண்களின் வேலையைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, அதே மீன் கம்பெனியின் உள்ளே நுண்ணுயிர்ப் பரிசோதனைக்கூடத்தில் வெள்ளை அங்கியுடன் நிற்பவர் பெரும்பாலும் வெளி மாவட்டத்துப் பெண்ணாக இருப்பது ஏன் என்று கேட்கத் தோன்றுவதில்லை. அந்த இடத்தின் எண்ணிக்கை சிறியதாகவே இருக்கலாம். எண்ணிக்கை தெரிந்தால்தான் அதற்குரிய படிப்பைப் பற்றி ஒரு தாயிடம் பேச முடியும்.

வட்டாரக் கணக்கில் அடங்காத கடல் வேலையும் உண்டு; கப்பல் வேலை அப்படிப்பட்டது. மாலுமி எங்கள் ஊர்க்காரராக இருப்பார், கப்பல் எங்கோ இருக்கும், ஆளெடுக்கும் அலுவலகம் மும்பையில் இருக்கும். கடலோரக் காவல்படை, கடற்படை ஆகியவற்றின் தேர்வும் நாடு தழுவியதே. இவற்றை உள்ளூர் வேலைவாய்ப்போடு சேர்த்துவிட்டால் தொகை பெருத்துக் காட்டுமே தவிர உண்மை மறைந்துவிடும். தனிப் பட்டியலாக வைத்து, இந்த மாவட்டத்திலிருந்து ஆண்டுக்கு எத்தனை பேர் உண்மையிலேயே கப்பல் ஏறினார்கள் என்பதையே அங்கே எழுத வேண்டும். பயிற்சி முடித்தவர்களின் எண்ணிக்கையை எழுதினால் போதாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் பழைய மாணவன் ஒருவன் கப்பலின் தொடக்கநிலை மாலுமி வேலைக்கான ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் பயிற்சியை முடித்து, சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகமும் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். பிறகு, கப்பலில் ஏற்றிவிடுவதாகச் சொன்ன ஒரு முகவரிடம் அவன் தாயாரின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். பணமும் வரவில்லை, கப்பலும் வரவில்லை. மாலுமிகளை வேலைக்கு அனுப்பும் நிறுவனம் ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பதும், வேலைக்குச் சேர்த்துவிடுவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் விதி. அவனுக்கு அது தெரியவில்லை, அப்போது எனக்கும் தெரியாது. பயிற்சி நிலையத்தின் இருக்கையும் கப்பலின் இருக்கையும் ஒன்றல்ல என்பதை ஒரே ஓர் எண் காட்டியிருந்தால் அக்குடும்பம் இன்னும் யோசித்திருக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாமோ பிள்ளைகளை அளக்காமல் கடலில் இறக்கிவிடுகிறோம்.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாள்களில் ஐஸ் பிளான்ட்டில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது, ஏலக்கூடம் வெறிச்சோடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளங்கள் மூடப்படும். படகில் போகும் ஒருவரே தடைக்காலத்தில் கட்டட வேலைக்கும் லாரிக் கிளீனர் வேலைக்கும் போகிறார். அவரை மூன்று இடத்தில் மூன்று வேலையாக எண்ணிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஆண்டில் எத்தனை மாதம் என்பதையும் எழுதியாக வேண்டும்.

இதற்கெனப் புதிதாக ஓர் ஆணையமோ வாரியமோ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருக்கிற ஏற்பாடுகளே போதும். 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் அனைத்துப் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் காலிப் பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், காலாண்டுதோறும் பணியாளர் விவரம் அனுப்ப வேண்டும் என்று 1959ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அச்சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டபோதும் இக்கடமையை விட்டுவிடவில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வரும் அந்த விவரங்களில் கடலால் நிற்கும் நிறுவனங்களைப் பிரித்தெடுத்தாலே பாதி வேலை முடியும். மிச்சப் பாதி, அந்த வரம்புக்குக் கீழே இருக்கும் படகுப் பட்டறைகளும் முகவர் அலுவலகங்களும் ஒப்பந்தக்காரர்களும். இவர்களை நேரில் போய்க் கேட்டால்தான் ஆகும். 1977 முதல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கலைக் கல்லூரிகளில் பொருளியல் துறைகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை, மேற்படி மாணவியின் மூன்று கேள்விகளோடு அவர்களை அனுப்பலாம். நான் முதல்வன் திட்டத்தின் கீழ் மேல்நிலைப் பள்ளிகளில் ஏற்கெனவே வழிகாட்டல் நடைபெறுகிறது. விடைகளைத் தொகுத்து அதன் வழியாகப் பள்ளிகளுக்கு அனுப்பினால் போதும்.

அனுப்பும் காலம் மிக முக்கியம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் வந்து சேரும் எந்தப் பட்டியலும் பாதிப் பயனையே தரும். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் கப்பல் பொறியியல், கப்பல் இயக்கவியல் படிப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் மாதத்தில், பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று வணிகவியல் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளை, தான் ஒரு கதவை அடைத்துவிட்டோம் என்பதை அறியாமலே அடைத்துவிடுகிறான். மறுபுறம், மத்திய மீன்வளக் கடற்பயண மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் நடக்கும் இரண்டாண்டுப் படகோட்டுநர், கடல் ஃபிட்டர் பயிற்சிகளுக்குப் பத்தாம் வகுப்பே போதும். பன்னிரண்டு முடிக்கும் வரை காத்திருப்பவர்களில் சிலர் வயது வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள். ஆகவே, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவருவதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில், பட்டியல் பெற்றோர் கையில் இருக்க வேண்டும்.

பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. வேலையின் பெயர் ஊரில் வழங்கும் பெயராக இருக்கட்டும். தோணித் தண்டல் என்றால் எல்லாருக்கும் தெரியும், நீர்வழிக் கலத் தலைமை இயக்குநர் என்றால் தண்டலுக்கே தெரியாது. எதிரே, சென்ற ஆண்டு புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள், கல்வித் தகுதி, தொடக்க ஊதியம், வேலை இருக்கும் மாதங்கள், அதே வேலைக்குப் பயிற்சி முடித்து வெளிவந்தவர்கள். எண் உறுதியாகத் தெரியாத இடத்தில் முப்பதிலிருந்து ஐம்பது வரை என்று எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. 43 என்று அச்சிட்டுத் துல்லியம்போல் காட்டுவதே தவறு. ஆண்டுதோறும் திருத்தவும் வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான வரியை 50 விழுக்காட்டுக்கு உயர்த்தியபோது, அதற்கு முந்தைய மாதம் வரை இறால் கம்பெனிகளைப் பற்றி நாங்கள் குறித்துவைத்திருந்ததெல்லாம் சில வாரங்களில் பழையதாகிப்போனது.

தூத்துக்குடியில் செய்து பார்த்தபின் இராமநாதபுரம், நாகப்பட்டினம், கன்னியாகுமரி என்று விரிவுபடுத்தலாம். ஆனால் ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்தில் தேவைப்படும் ஆளும், பெட்டகக் கிடங்குகள் நிறைந்த எங்கள் புறவழிச்சாலையில் தேவைப்படும் ஆளும் ஒருவரல்லர்.

அன்று கேள்வி கேட்ட தகப்பனாரின் மகன் இப்போது எங்கள் பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பில், கணிதப் பிரிவில் படிக்கிறான். இளையவன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டான். வழிகாட்டல் கூட்டத்துக்கு அவர் மறுபடியும் வருவார். நாங்கள் சனிக்கிழமைகளில் திரட்டிய விவரங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில், மாணவர்களின் கையெழுத்தில், அரைகுறையாக இருக்கின்றன. மாவட்ட நிர்வாகம் கேட்டால் அதைக் கொண்டுவந்து தரவும், கேள்விப் படிவம் தயாரிப்பதில் உதவவும் நானும் என் மாணவர்களும் ஆயத்தமாக உள்ளோம்.

தங்கள் உண்மையுள்ள,
முதுகலை ஆசிரியர்,
கடலோர மேல்நிலைப் பள்ளி,
தூத்துக்குடி மாவட்டம்.